38,000 ரூபா சப்பாத்து மகளின் கால் வலியைத் தீர்க்குமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் தாய் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

மகளுக்கு 16 வயது, தரம் 11. பாடசாலையில் 1500 மீற்றரும் 3000 மீற்றரும் ஓடுகிறாள். வலய மட்டத்தில் வென்று மாகாணத்துக்குத் தெரிவானதும், வாரத்தில் மூன்று நாளாக இருந்த பயிற்சி ஆறு நாளாகிவிட்டது. விடிய 5.30க்கு ஒரு கப் பிளேன்டீயோடு கிளம்பி, மேல் டிவிசனிலிருந்து பெக்டரி வரை தார் றோட்டில் 3 கிலோமீற்றர் இறங்கி, அதே 3 கிலோமீற்றரைத் திரும்ப ஏறுகிறாள். காலில் பெரியம்மா மகள் போட்டுப் பழசாக்கிய கன்வஸ் சப்பாத்து. ஐந்து வாரமாக இடது கணைக்காலின் உட்பக்கம் வலி. முதலில் ஓடி முடிந்த பிறகு மட்டும் இருந்தது. இப்போது லயத்துப் படியில் இறங்கினாலும் வலிக்கிறது, சில இரவுகளில் தூக்கத்திலும் வலிக்கிறது.

கண்டியில் ஒரு சப்பாத்துக் கடையில் மகளைக் கண்ணாடித் தட்டில் நிற்க வைத்து, பிறகு ட்ரெட்மில்லில் 20 விநாடி ஓடவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். "தட்டைப் பாதம், கால் உள்ளுக்குச் சரிகிறது, வலிக்குக் காரணம் அதுதான். இது விஞ்ஞான முறையில் செய்த சப்பாத்து, போட்டால் வலி நிற்கும்" என்று சொல்லி 38,000 ரூபா விலை கூறியிருக்கிறார்கள். முற்பணமாக 5,000 கட்டியாகிவிட்டது. மீதிக்குத் தோட்டை அடகு வைக்கலாமா என்று யோசனை. பாடசாலையின் விளையாட்டு சேரோ, சப்பாத்தே தேவையில்லை, எத்தியோப்பிய மரதன் வீரர் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி ஒலிம்பிக்கில் வென்றார் என்கிறார். கட்டாரில் இருக்கும் தம்பி கார்பன் தகடு வைத்த சப்பாத்து அனுப்புகிறேன் என்கிறார். "யார் சொல்வதைக் கேட்பது? சப்பாத்தில் உண்மையாகவே விஞ்ஞானம் இருக்கிறதா, எல்லாம் வியாபாரப் பேச்சா? மாகாணப் போட்டிக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தானாம்."

அன்புச் சகோதரிக்கு,

தோட்டைக் கழற்ற வேண்டாம். மீதிப் பணத்தையும் இப்போதைக்குக் கட்ட வேண்டாம். சப்பாத்தைப் பற்றி நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எலும்பைப் பார்ப்போம்

ஓடுகிற பிள்ளைக்கு மாதவிடாய் நிற்பது இயல்பு என்று பல பயிற்சியாளர்கள் நம்புகிறார்கள். அது பிழை. ஓட்டத்தில் செலவாகும் சக்திக்குச் சாப்பாடு போதாவிட்டால் உடம்பு சில வேலைகளை ஒத்திவைக்கும். பெண்பிள்ளைகளில் அது வெளியே தெரியும் இடம் மாதவிடாய். அதோடு ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைகிறது. ஈஸ்ட்ரஜன் குறைந்தால் எலும்பு தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்வதும் மந்தமாகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலையைத் தனியாகப் பெயரிட்டு, மருத்துவர்களுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. அதாவது மகளின் எலும்பு தினமும் 6 கிலோமீற்றர் அடி வாங்குகிறது, வாங்கிய அடியை இரவில் ஆற்றிக்கொள்ள அதற்குப் பொருள் போதவில்லை. இந்தக் கணக்கில் எந்த விலைச் சப்பாத்தும் நுழைய முடியாது.

ஒன்று செய்து பாருங்கள். மகளை உட்கார வைத்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கிக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டு போங்கள். ஐந்து சென்றிமீற்றருக்கு மேல் நீளமாக, பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பின் மேலுறையிலும் அதை ஒட்டிய தசையிலும் ஏற்பட்ட அழுத்தம். ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டால், எலும்பில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கலாம். இரவு வலி இந்த இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. உறுதிப்படுத்திக்கொள்வதற்காக ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

இன்றிலிருந்து ஓட்டம் நிற்கட்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இன்னும் ஆபத்து. மாத்திரை வலியை மறைக்கும், வெடிப்பை மூடாது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போய், கால் வலி, இரவு வலி, மாதவிடாய் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் மூன்றுக்கும் மூன்று மாத்திரை கிடைத்து விஷயம் முடிந்துவிடும். எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் அதோடு திரும்பி வராதீர்கள். இந்த வகை வெடிப்பு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம், சிலருக்கு அதற்குப் பிறகும் தெரியாது. வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற எந்தப் பெண்ணுக்கும் கர்ப்பப் பரிசோதனை செய்வது வழமை. அதைக் கேட்டால் மனம் நோக வேண்டாம், மகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டை இன்றே மாற்றலாம். ஓட்டம் இல்லாத நாளிலும் பாடசாலைக்குப் போக முன் ஒரு ரொட்டியோ வாழைப்பழமோ வயிற்றுக்குள் போகட்டும். பத்தரை மணி இடைவேளை வரை பிளேன்டீயில் நிற்கக் கூடாது. தினமும் ஒரு முட்டை, பருப்பு, அவித்த கடலை, தலையோடும் முள்ளோடும் தின்னும் நெத்தலி. இந்த வயதில் ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும், அந்த நெத்தலி முள்ளில் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. தேயிலை நம் மலையின் உயிர்தான். ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு முழுதாக எடுக்க விடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

மாகாணப் போட்டியைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். வெடிப்பு என்றால் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஓட்டம் கிடையாது, அதன் பிறகும் நடையும் ஓட்டமுமாகத்தான் தொடங்க வேண்டும். இந்த ஆண்டுப் போட்டி கைநழுவும். மேலுறை அழுத்தம் மட்டும் என்றால் வாய்ப்பு இருக்கிறது. எது என்று தெரியாமல் ஓடவிட்டால் அடுத்த ஆண்டையும் சேர்த்து இழக்க நேரிடும்.

விஞ்ஞானம் இருக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை

சப்பாத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கலாம். இதைப் போட்டால் வேகம் கூடுமா? இதைப் போட்டால் காயம் வராதா? கடைக்காரர் முதல் கேள்விக்கான விஞ்ஞானத்தைக் காட்டி, இரண்டாம் கேள்விக்கான பொருளை விற்கிறார்.

முதல் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் விடை காண்பது ஓரளவு இலகு. ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு சோடிச் சப்பாத்தில் மாறி மாறி ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, மூச்சில் எவ்வளவு ஒட்சிசன் செலவாகிறது என்று அளந்தால் போதும். ஒவ்வொரு சப்பாத்திலும் 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்கான சக்திச் செலவு ஏறத்தாழ 1 வீதம் கூடுகிறது என்பது இப்படித்தான் தெரிந்தது. 2017இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை என்ற கார்பன் தகட்டுச் சப்பாத்து வந்தபோது, 18 ஓட்டவீரர்களை வைத்து நடந்த ஆய்வில் சராசரியாக 4 வீதச் சக்தி மிச்சமானது. அது நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்வுதான். ஆனால் பிறகு வேறு ஆய்வுகூடங்களும் அளந்து, நன்மை இருப்பதை உறுதி செய்தன. இவ்வளவும் உண்மையான விஞ்ஞானம்.

காயம் பற்றிய கேள்வி அப்படி அல்ல. அதற்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பேரை மாதக்கணக்கில் தொடர வேண்டும். யாருக்கு எந்தச் சப்பாத்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும், முடிந்தால் போடுகிறவருக்கே தெரியாமல் கொடுக்க வேண்டும். அதற்குள் தூக்கமும் சாப்பாடும் பயிற்சியின் அளவும் பழைய காயங்களும் குறுக்கே வரும். 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு இப்படிப்பட்ட 12 ஆய்வுகளை, மொத்தம் 11,240 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஒரு வகைச் சப்பாத்து இன்னொன்றைவிடக் காயத்தைக் குறைக்கிறது என்று நம்பிச் சொல்லும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே "இது போட்டால் வலி நிற்கும்" என்று 20 விநாடிப் படத்தைப் பார்த்து எவரும் சொல்ல முடியாது.

"கால் உள்ளுக்குச் சரிகிறது" என்ற கதை

பாதம் தரையில் பட்டதும் கொஞ்சம் உட்பக்கமாகச் சரியும். எல்லா மனிதருக்கும் சரியும். அந்த அசைவுதான் அடியை வாங்கிப் பரப்புகிறது. அது அளவுக்கு மீறினால் காயம் வரும் என்ற எண்ணம் 1970களில் அமெரிக்காவில் சாதாரண மக்கள் கூட்டம் கூட்டமாக ஓடத் தொடங்கியபோது வலுப்பெற்றது. 1977இல் புரூக்ஸ் நிறுவனத்தின் வாண்டேஜ் என்ற சப்பாத்து, உட்பக்கம் சற்று உயர்த்திய ஆப்போடு வந்தது. பிறகு உட்பக்கம் கடினமான நுரை வைத்த சப்பாத்து ஒரு தனி வகையாகவே ஆனது. எண்ணம் அறிவுக்குப் பொருந்தியதுதான். ஆனால் அது சோதித்துப் பார்க்க முன்னமே கடைக்கு வந்துவிட்டது. 2009இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், குதி உயர்த்தி, பஞ்சு வைத்து, சரிவைத் தடுக்கும் சப்பாத்துகள் காயத்தைக் குறைக்கின்றன என்பதற்கு முறையான சோதனை ஏதாவது உண்டா என்று தேடினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு சோதனைகள் வந்தன. அமெரிக்க இராணுவம், விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்துச் சப்பாத்தும், மறு பகுதிக்குப் பாதத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகையும் கொடுத்தார்கள். காய எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு ஒரே சாதாரணச் சப்பாத்தைக் கொடுத்து ஓர் ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2014இல் வெளிவந்த அந்த முடிவில், கால் சரிகிறவர்களுக்குக் காயம் கூடவில்லை. 2011இல் வெளியான இன்னொரு ஆய்வில் 81 பெண்கள் அரை மரதனுக்குப் பயிற்சி செய்தார்கள். சரிவைக் கடுமையாகத் தடுக்கும் சப்பாத்துப் போட்டவர்களுக்குத்தான் வலி கூடுதலாக இருந்தது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லக்சம்பேர்க்கில் 372 பேரை வைத்து 2016இல் நடந்த ஆய்வில், சரிவு தடுக்கும் சப்பாத்துப் போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது, அதிலும் பாதம் உள்ளுக்குச் சரிகிறவர்களிடம்தான் குறைந்தது. ஆகவே கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பாதி நிரூபணமான ஒன்றை முழு நிரூபணம் போலச் சொல்கிறார், அதையும் எலும்பு வெடித்திருக்கக்கூடிய ஒரு பிள்ளைக்கு மருந்தாகச் சொல்கிறார். எனக்குக் கோபம் வருவது அந்த இரண்டாவதில்.

மகளுக்குத் தட்டைப் பாதமா என்பதை நீங்களே பார்க்கலாம். சீமெந்துத் தரையில் நிற்க வைத்து, பின்னால் குந்தியிருந்து பாதத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். பிறகு குதியை உயர்த்தி விரல் நுனியில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு எழும்பினால் அது நெகிழ்வான பாதம். வலியில்லாத வரை வைத்தியம் தேவைப்படாத, மிகச் சாதாரணமான அமைப்பு. நுனிக்காலில் நின்றும் வளைவு எழும்பாவிட்டால், கிளினிக்கில் வைத்தியரிடம் அதையும் காட்டுங்கள். கடையின் கண்ணாடித் தட்டில் தெரிந்த சிவப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். நிற்கும்போது குதியிலும் முன்பாதத்திலும் பாரம் இறங்குவதால் எல்லோருக்கும் அந்த இடங்கள் சிவப்பாகத்தான் தெரியும்.

பஞ்சு, வெறுங்கால், கார்பன்

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. சோலின் நடுவே இருக்கும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரை அதன் திடீர்த் தன்மையைக் கொஞ்சம் தணிக்கும், முழுதாக விழுங்காது. 2020இல் வந்த ஆய்வொன்றில் 848 பேருக்கு வெளியே ஒன்றுபோலத் தெரியும் கடினச் சோலும் மென்சோலும் கொடுத்தார்கள். கடினச் சோல் போட்டவர்களுக்குக் காயம் கூடியது. ஆகவே தேய்ந்து பலகையாகிப் போன கன்வஸ் சப்பாத்தில் தார் றோட்டில் ஓடுவது நல்லதல்ல. ஆனால் அந்தப் பஞ்சுக்கு 38,000 கொடுக்க வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தின் டண்டியில் 2008இல், மூன்று விலைத் தரங்களில் சப்பாத்துகளை எடுத்துப் பாத அழுத்தத்தை அளந்தார்கள். விலை கூடியதால் பஞ்சு கூடியதாகத் தெரியவில்லை.

சேர் சொன்ன பிகிலா கதை உண்மை. 1960 ரோம் ஒலிம்பிக் மரதனை அவர் வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். நான்கு ஆண்டு கழித்துத் தோக்கியோவில் சப்பாத்துப் போட்டு 2 மணி 12 நிமிடத்தில் வென்றார், அந்தப் பாதியைத்தான் பலர் சொல்வதில்லை. வெறுங்காலில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதியில் விழும் அந்தத் திடீர் அடி குறைகிறது என்பதை 2010இல் கென்யாவில் செய்த ஆய்வு காட்டியது. அதை நம்பிச் சப்பாத்தைக் கழற்றிய பலருக்கு வேறு வினை வந்தது. 2013இல் வந்த ஒரு ஆய்வில் 19 பேர் பத்து வாரத்தில் மெல்லிய, விரல் பிரிந்த சப்பாத்துக்கு மாறினார்கள். அவர்களில் 10 பேரின் பாத எலும்பில் நீர்க்கட்டு கூடியிருந்தது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. பழகிய சப்பாத்திலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. ஆகவே சேரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: கால் முழுதாகச் சுகமான பிறகு, பாடசாலைப் புல்தரையில், சூடேற்றும்போது ஐந்து நிமிடம் வெறுங்காலில் ஓடட்டும். கண்ணாடித் துண்டும் கல்லும் கிடக்கிற தோட்டத்து றோட்டில் வேண்டாம்.

கட்டார்த் தம்பியின் அன்புக்கு நன்றி சொல்லி, அதை அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். கார்பன் தகடும் தடித்த நுரையும் வைத்த சப்பாத்து வீதி மரதனுக்குச் செய்தது. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி வீதிப் போட்டிக்குச் சோல் 40 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். ஓடுபாதைப் போட்டிகளுக்கு 2024 நவம்பர் முதல் 20 மில்லிமீற்றர்தான். 1500ஐயும் 3000ஐயும் அதில் ஓடினால் அந்த விதியில் மாட்டிக்கொள்ளக்கூடும். இன்னொன்று, 2023இல் இந்த வகைச் சப்பாத்தில் ஓடி, பாதத்தின் நடு எலும்பில் அழுத்தக் காயம் அடைந்த ஐந்து பேரின் விவரம் மருத்துவ இதழில் வந்தது. ஐந்து பேரை வைத்துச் சப்பாத்துதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் எலும்பு ஏற்கெனவே முறையிடுகிற பிள்ளைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

இறக்கம்தான் அடிக்கிறது

நீங்கள் கடிதத்தில் பாதையை விவரித்தது பெரிய உதவி. 9 பாகைச் சரிவில், அதாவது 100 மீற்றருக்கு 16 மீற்றர் இறங்கும் றோட்டில், ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசையின் உச்சம் சமதரையைவிட 54 வீதம் கூடியதை 2005இல் ஓர் ஆய்வு அளந்தது. அதே சரிவில் ஏறும்போது அந்த மோதல் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. நம்முடைய பெக்டரி றோட்டுகளின் வளைவுகளில் இந்த அளவு சரிவு புதிதல்ல. மகள் தினமும் காலையில், உடம்பு சூடேற முன், 3 கிலோமீற்றர் இறக்கத்தில்தான் தொடங்குகிறாள். அதுவும் வாரத்தில் மூன்று நாள் திடீரென்று ஆறு நாளான பிறகு.

சுகமான பின் முறையை மாற்றுங்கள். இறக்கத்தை நடந்து போகட்டும், ஏற்றத்தை ஓடட்டும். மூச்சுக்கும் நெஞ்சுக்கும் ஏற்றம் நல்ல பயிற்சி, கணைக்காலுக்குச் செலவும் குறைவு. வேகப் பயிற்சி பாடசாலை மைதானத்தில். ஓட்டத்தைத் தொடங்குவது 30 நிமிடம் வலியில்லாமல் நடக்க முடிந்து ஒரு வாரம் ஆன பிறகு: ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, பத்துத் தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி திரும்பினால் ஒரு படி பின்னுக்கு. வாரத்துக்கு 10 வீதம் மட்டும் கூட்ட வேண்டும் என்று ஒரு விதி எல்லா இடத்திலும் சொல்வார்கள்; அதைச் சோதித்தபோது காயம் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆகவே எண்ணைவிட மகளின் எலும்பையே கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது

வைத்தியர் ஓடலாம் என்று சொன்ன பிறகு ஒரு நல்ல சப்பாத்து வேண்டும்தான். காயம் ஆராய்ச்சியில் நீண்ட காலம் உழைத்த பென்னோ நிக் 2015இல் முன்வைத்த யோசனை எளிமையானது: கால் எதைச் சுகமாக உணர்கிறதோ அதைத் தெரிவு செய்யலாம். அதுவும் முழுதாக நிரூபணமான விதி அல்ல, ஆனால் இதுவரை உள்ளவற்றில் செலவு குறைந்ததும் கெடுதல் குறைந்ததும் அதுதான். உங்கள் கையிருப்பு 10,000 முதல் 12,000 ரூபா வரை என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதும்.

மகளைக் கூட்டிக்கொண்டு பின்நேரம் போங்கள், அப்போது பாதம் சற்றுப் பருத்திருக்கும். ஓடும்போது போடும் அதே காலுறையோடு போட்டுப் பார்க்கட்டும். எழுந்து நிற்கும்போது மிக நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் நுனிக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதையும் பாருங்கள். உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். பாதம் விளிம்புக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து அகலம் போதாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். சப்பாத்தை இரு கையால் மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் இரண்டாக மடங்கினால் வேண்டாம். கடையில் தராசு இருந்தால் ஒற்றைச் சப்பாத்தை வையுங்கள். மகளின் அளவுக்கு 250 கிராம் சுற்றி இருந்தால் நல்லது. அடியில் ரப்பர் இருக்க வேண்டும், வெறும் நுரை அடி பாசி பிடித்த றோட்டில் வழுக்கும். கடைசியாக, கடை வாசலில் இருபது மீற்றர் ஓடிப் பார்க்கட்டும். "போடப் போடச் சரியாகிவிடும்" என்று சொன்னால் வாங்காதீர்கள்.

பழைய சப்பாத்துக் குவியலில் எடுப்பதானால் இரண்டு விஷயம். மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சரிந்து நின்றால் விடுங்கள். நடு நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஆழமான சுருக்கங்களோடு கல் போல இருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. வருடக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்த பொலியூரித்தேன் சோல், பார்க்கப் புதிதாக இருந்தாலும், இரண்டாம் நாளே பிட்டுப் போல உதிரும். நம் மலை ஈரத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

நனைந்து வந்த சப்பாத்தை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடாதீர்கள். சூட்டில் பசை இளகும், ஈ.வி.ஏ. நுரை சுருங்கும், ஒரே மாதத்தில் அளவு குறைந்துவிடும். இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, இரண்டு மணித்தியாலத்தில் ஈரத்தாளை மாற்றி வைத்தால் காலைக்குள் பெரும்பகுதி காய்ந்துவிடும். இறக்கத்தில் விரல் நுனி முட்டி நகம் கறுக்கிறது என்றால், கடைசித் துளையில் லேசை அதே பக்கம் வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேசை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள். குதி பின்னால் பிடித்துக்கொள்ளும்.

முற்பணம் 5,000

இது வழக்கறிஞரின் இடம் என்றாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முதலில் கடைக்குப் போய், வைத்தியர் ஓட வேண்டாம் என்றிருக்கிறார், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேளுங்கள். மறுத்தால், மேலே சொன்ன அளவுகளுக்குப் பொருந்தும் சாதாரண சப்பாத்து ஒன்றை, அந்த 5,000ஐ விலையில் கழித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். முற்பணம் எப்போதும் திரும்பக் கிடைக்கும் என்று வாக்களிக்க முடியாது. ஆனால் "வலி நிற்கும்" என்று சொல்லி விற்றது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் கூற்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அந்த அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து விசாரிக்கலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில், சப்பாத்துப் போட்டால் தசை உறுதியாகும் என்ற ஆதாரமற்ற கூற்றுகளுக்காக ரீபொக் 2011இல் 25 மில்லியன் டொலரும், ஸ்கெச்சர்ஸ் 2012இல் 40 மில்லியன் டொலரும் கொடுத்துத் தீர்க்க வேண்டி வந்தது. கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

கிளினிக்குக்குப் போகும் நாளில் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக மாதவிடாய் வந்த திகதி, பயிற்சி ஆறு நாளான வாரம், வலி தொடங்கிய வாரம். அந்தப் பழைய கன்வஸ் சப்பாத்தையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இயன்மருத்துவர் மகளின் பாதத்தோடு வைத்து அளவு பார்க்கட்டும். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது மகளுக்கு ஓர் இலக்கம் சின்னது என்று நினைக்கிறேன்.